ப்ராட்ஹெட் ஏன் விலகிப் போகிறது? முனையை மாற்றுமுன் அம்பைப் பாருங்கள்

தம்பி ஒருவர் கேட்டிருக்கிறார். அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்துக்குக் குடிவந்து நாலு வருடம். வேட்டைப் பாதுகாப்பு வகுப்பை முடித்து உரிமமும் வாங்கிவிட்டார். கையில் 60 பவுண்டு இழுவிசையுள்ள காம்பவுண்ட் வில், அதாவது இரு நுனியிலும் கப்பி வைத்த வில். பயிற்சிக்குப் போடும் ஃபீல்ட் பாயிண்டை மாட்டி எய்தால் 30 கெஜத்தில் மூன்று அம்பும் ஓர் உள்ளங்கை அகலத்துக்குள் விழுகின்றன. அதே அம்பில் ப்ராட்ஹெட், அதாவது கத்தி அலகுள்ள வேட்டை முனை, மாட்டினால் இடப்பக்கம் ஐந்து அங்குலம், கீழே இரண்டு அங்குலம் தள்ளிப் போகிறது. இரண்டு கம்பெனி முனைகளை மாற்றிப் பார்த்தும் பயனில்லை. “நேராகப் பறக்கிற ப்ராட்ஹெட் எது? பெயரைச் சொல்லுங்கள், செப்டம்பரில் சீசன் தொடங்குவதற்குள் வாங்கிவிடுகிறேன்” என்கிறார்.

பெயர்களையும் சொல்கிறேன். ஆனால் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும் அந்த இரண்டு முனைகளும் அநேகமாக நல்லவைதான். உங்கள் அம்பு கோணலாகக் கிளம்புகிறது என்பதை அவை காட்டிக்கொடுக்கின்றன. ஃபீல்ட் பாயிண்ட் அதை இத்தனை நாளும் மறைத்துக்கொண்டிருந்தது.

காரணம் எளிது. ஃபீல்ட் பாயிண்ட் உருண்டையான கூர்முனை. காற்று அதைப் பிடித்துத் தள்ள இடமில்லை. அம்பு நாணை விட்டுக் கிளம்பும்போது வால் கொஞ்சம் ஆடினாலும், பின்னாலுள்ள இறகுகள் சில கெஜத்துக்குள் அதை இழுத்து நேராக்கிவிடும். ப்ராட்ஹெட்டின் கத்தி அலகுகளோ அம்பின் முன்னால் பொருத்திய சின்னச் சிறகுகள். அம்பு ஒரு துளி சாய்ந்து கிளம்பினாலும் காற்று அந்த அலகில் பட்டு முனையை அந்தச் சாய்வின் பக்கமாகவே தள்ளும். முன்னால் இருக்கும் சிறகும் பின்னால் இருக்கும் இறகும் ஒன்றையொன்று எதிர்த்து இழுக்கின்றன. வேகம் கூடக்கூட இந்தத் தள்ளுவிசை வேகத்தின் வர்க்கமாக ஏறும். நொடிக்கு 250 அடி போகும் அம்பை 280 அடிக்கு ஏற்றினால் அலகின் மேல் காற்றின் விசை கால் பங்கு கூடிவிடும். வேகத்தைப் பெருமையாகப் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

எனக்கு இதைப் புரியவைத்தவர் ஒரு வில் கடையில் வேலை பார்த்த பெரியவர். நான் வேட்டை பழகிய முதல் வருடம், உங்களைப் போலவே மூன்றாவது பாக்கெட் முனை வாங்கப் போய் நின்றேன். அவர் பாக்கெட்டை எடுக்கவில்லை. “உன் அம்பைக் கொடு” என்றார். ப்ராட்ஹெட் மாட்டிய அம்பின் முனையைக் கண்ணாடி மேசைமேல் ஊன்றி, தண்டை இரண்டு விரலால் பம்பரம் சுற்றுவதுபோல் சுண்டிவிட்டார். நன்றாக இருக்கும் அம்பு ஓசையில்லாமல் நின்று சுற்றும். என்னுடையது கண்ணாடியில் கடகடவென்று அடித்தது. முனையும் தண்டும் சேரும் இடத்தை உற்றுப் பார்த்தால் அங்கே மெல்லிய நடுக்கம், ஆவிபோல. ஆறு அம்பில் நான்கு அப்படித்தான் நடுங்கின. முனைகளைக் கழற்றி மாற்றிப் போட்டார்; நடுக்கம் அம்போடேயே இருந்தது, முனையோடு போகவில்லை. ஆக, குற்றம் தண்டில்.

நான் அம்பை வெட்டிய இடத்தில் வெட்டுமுகம் சரிசெங்குத்தாக இல்லை. அதன்மேல் உட்கார்ந்த இன்சர்ட், அதாவது முனையைத் திருகுவதற்காகத் தண்டுக்குள் ஒட்டும் சின்னக் குழாய், ஒரு மயிரிழை சாய்ந்திருந்தது. முனை அந்தச் சாய்வையே பற்றிக்கொண்டது. பெரியவர் தண்டின் முகத்தில் வெள்ளி நிற மார்க்கரால் மை பூசினார். அம்பை ஒரு தாங்கியில் படுக்கவைத்து, உப்புத்தாள் ஒட்டிய வட்டத்தில் முகம் படும்படி மெல்லச் சுற்றினார். ஒரு பக்கத்து மை உடனே போயிற்று. எதிர்ப்பக்கத்தில் பிறைபோல் வெள்ளி அப்படியே நின்றது. அந்தப் பிறைதான் என் அம்பின் விலகலுக்குக் காரணம். மை முழு வட்டமாகத் தேய்ந்து போகும்வரை சுற்றச் சொன்னார். உள்ளங்கையெல்லாம் கார்பன் கறுப்பு. அன்று முனை வாங்காமலேயே வீடு திரும்பினேன்.

ஆகவே முதல் வேலை இதுதான். ஒவ்வோர் அம்பையும் சுற்றிப் பாருங்கள். இன்சர்ட்டைச் சூட்டுப் பசையால் ஒட்டியிருந்தால் லேசாகச் சூடாக்கித் திருப்பி உட்கார வைக்கலாம். தண்டை நேரடியாகத் தீயில் காட்டாதீர்கள், கார்பன் பாழாகும். முனையில் ஒரு ஃபீல்ட் பாயிண்டைத் திருகி, அந்தப் பாயிண்டைச் சூடாக்குங்கள். சூடு தானாக உள்ளே இறங்கும். முகத்தைச் சமமாக்கி மறுபடி ஒட்டுங்கள். அதன் பிறகும் நடுங்குகிற அம்பைப் பயிற்சிக்கு ஒதுக்கிவிடுங்கள். தண்டு வாங்கும்போது பெட்டியில் .001, .003, .006 என்று போட்டிருப்பது வளைவின் அளவு, அங்குலக் கணக்கில். .003 போதும். செங்குத்தாக வெட்டிய .003 தண்டு, அவசரத்தில் வெட்டிய .001-ஐவிட நன்றாகப் பறக்கும்.

அடுத்தது தண்டின் விறைப்பு. இதை ஸ்பைன் என்பார்கள். 28 அங்குல இடைவெளியில் தண்டைத் தாங்கி, நடுவில் 1.94 பவுண்டு எடையைத் தொங்கவிட்டால் எவ்வளவு தொய்கிறது என்பதுதான் அந்த எண். 400 என்றால் 0.400 அங்குலம் தொய்வு. 340 என்றால் அதைவிட விறைப்பு. முனையின் எடை கூடினால் அம்பு மேலும் வளையும். 100 கிரெய்ன் ஃபீல்ட் பாயிண்டில் பழகிவிட்டு 125 கிரெய்ன் ப்ராட்ஹெட்டை மாட்டினால் அது வேறு அம்பாகிவிடும், விழும் இடமும் மாறும். பலர் இந்தத் தப்பைச் செய்துவிட்டு முனையைத் திட்டுகிறார்கள். சமையலறைத் தராசு இதற்கு உதவாது. கிரெய்ன் காட்டும் சின்னத் தராசு ஒன்று வாங்கி நிறுத்துப் பாருங்கள். 100 கிரெய்ன் என்பது ஏறக்குறைய ஆறரை கிராம்தான், அதில் இரண்டு மூன்று கிரெய்ன் வித்தியாசம் இருந்தால் மன்னிக்கலாம். பத்து இருந்தால் அந்த முனையைத் தனியே வையுங்கள்.

அம்பின் முன்பக்க கனத்தையும் ஒருமுறை கணக்குப் போடுங்கள். அம்பை விரல்மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடித்து, நாண் பதியும் பள்ளத்திலிருந்து அதுவரை அளக்க வேண்டும். 28 அங்குல அம்பில் அது 17.4 அங்குலம் என்றால், பாதியான 14-ஐக் கழித்து மீதி 3.4-ஐ 28-ஆல் வகுத்தால் 12 சதவீதம். பத்திலிருந்து பதினைந்துக்குள் இருந்தால் ப்ராட்ஹெட் அடக்கமாகப் போகும். இறகு விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். அலகு மடங்காத ஃபிக்ஸட் பிளேடு முனைக்குக் கொஞ்சம் உயரமான இறகை, நேராக ஒட்டாமல், திருகலாக ஒட்டுங்கள். அம்பு சுழன்றுகொண்டே போகும்; சின்னச் சின்னச் சாய்வுகள் ஒரே பக்கம் சேராமல் சுற்றிக் கரைந்துவிடும். முனையின் அலகும் இறகும் ஒரே கோட்டில் வரவேண்டும் என்று சிலர் மணிக்கணக்கில் மெனக்கெடுவார்கள். அதனால் எந்த லாபத்தையும் நான் பார்த்ததில்லை.

இனி வில். உங்கள் விலகலுக்குப் பெரிய காரணம் இங்கேதான் இருக்கும் என்று நினைக்கிறேன். இலக்கில் ஒரே புள்ளியைக் குறிவைத்து 20 கெஜத்திலிருந்து ஃபீல்ட் பாயிண்ட் இரண்டு, ப்ராட்ஹெட் இரண்டு எய்யுங்கள். ப்ராட்ஹெட் எங்கே விழுந்ததோ அங்கிருந்து ஃபீல்ட் பாயிண்ட் எந்தத் திசையில் இருக்கிறதோ, அந்தத் திசையில் ரெஸ்டை, அதாவது வில்லில் அம்பைத் தாங்கும் பாகத்தை, நகர்த்த வேண்டும். உங்களுக்கு ப்ராட்ஹெட் இடப்பக்கமும் கீழேயும் போகிறது. அப்படியானால் ரெஸ்ட் வலப்பக்கமும் மேலேயும் போகவேண்டும். முதலில் மேல் கீழைச் சரிசெய்யுங்கள், பிறகு பக்கவாட்டை. ஒரே நேரத்தில் இரண்டையும் தொட்டால் எது எதைச் செய்தது என்று தெரியாமல் குழம்புவீர்கள். நகர்த்துவது 1/32 அங்குலத்துக்கு மேல் வேண்டாம். பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொண்டு நகர்த்துங்கள். ஒவ்வொரு முறையும் இரண்டு கூட்டமும் ஒன்றையொன்று நெருங்கி வருவதைப் பார்ப்பீர்கள். 20-இல் சேர்ந்ததும் 30-க்கும், அப்புறம் 40-க்கும் பின்னால் போங்கள். இரண்டும் ஒன்றான பிறகுதான் குறிபார்க்கும் சைட்டைத் தொட வேண்டும். சைட்டை மட்டும் நகர்த்தி ப்ராட்ஹெட்டை நடுவுக்குக் கொண்டுவருகிறவர்கள் உண்டு. அம்பு அப்போதும் கோணலாகத்தான் போய்க்கொண்டிருக்கும். கோணலாகப் போகும் அம்பு மானின் உடலில் நுழையும்போது, உள்ளே இறங்கவேண்டிய விசையில் ஒரு பங்கைப் பக்கவாட்டில் வீணடிக்கும்.

பெரும்பாலான காம்பவுண்ட் வில்களில் கைப்பிடியுள்ள நடுப்பாகமான ரைசரிலிருந்து அம்பின் மையம்வரை 13/16 அங்குலம் அளவில் இருக்கும். அதிலிருந்து 1/8 அங்குலத்துக்கு மேல் ரெஸ்ட் விலகிப் போகவேண்டி வந்தால் நிறுத்திவிடுங்கள். அப்போது கோளாறு ரெஸ்டில் இல்லை. ஸ்பைன் பொருந்தவில்லை, அல்லது வில்லின் நுனியிலுள்ள கப்பியான கேம் சாய்ந்திருக்கிறது, இல்லையென்றால் உங்கள் பிடி. பிடியைப் பற்றிக் கட்டாயம் சொல்ல வேண்டும். வில்லை இறுக்கிப் பிடித்தால் கை அதைத் திருகும். ஃபீல்ட் பாயிண்ட் அந்தத் திருகலைப் பொறுத்துக்கொள்ளும், ப்ராட்ஹெட் பொறுக்காது. கட்டைவிரலின் அடிமேட்டில் வில் சாய்ந்திருக்கட்டும், விரல்கள் தளர்ந்திருக்கட்டும். அக்டோபர் கடைசியில் தடித்த கையுறையும் கோட்டும் போட்டுக்கொண்டு பரணில் உட்காரும்போது இந்தப் பிடி மாறிவிடும், கோட்டுக் கையில் நாண் உரசும். அதே உடுப்போடு இப்போதே பத்து அம்பு எய்து பாருங்கள்.

சரி, முனைக்கு வருவோம்.

அலகு நிலையாக நிற்கும் ஃபிக்ஸட் முனைகளில், குட்டையானதும் அகலம் குறைந்ததும்தான் ஒழுங்காகப் பறக்கும். காற்றுக்குக் கிடைக்கும் பரப்பு எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. விஸ்கான்சின் சட்டம் 7/8 அங்குல அகலமாவது கேட்கிறது. 1 அங்குலத்திலிருந்து 1 1/8 வரை உங்களுக்குத் தாராளம். ஸ்லிக் ட்ரிக்கின் நான்கு அலகு முனை குட்டையாக, கட்டையாக இருக்கும். என் தூணியில் பல வருடமாக அதுதான். ஜி5 மாண்டெக் ஒரே உலோகக் கட்டியாக வருகிற மூன்று அலகு முனை. அதைத் தட்டையான கல்லில் படுக்கவைத்துத் தேய்த்தால் இரண்டு விளிம்பும் ஒன்றாகத் தீட்டப்படும்; தீட்டத் தெரியாதவர்களுக்கும் கைவரும். மஸ்ஸியின் மூன்று அலகு முனையில் அலகுகளைக் கழற்றி மாற்றலாம், நுனி எலும்பை உடைக்கிற உளி மாதிரி. மேக்னஸ் ஸ்டிங்கர் இரண்டு அலகு, குறுக்கே சின்னதாக இன்னும் இரண்டு. இந்த அமைப்பு புதிதல்ல. வில் தயாரிப்பாளர் ஃப்ரெட் பேர் 1956-இல் கொண்டுவந்த ரேஸர்ஹெட்டிலும் இரண்டு பெரிய அலகுக்கு நடுவே செருகுகிற மெல்லிய அலகு இருந்தது. நுனியிலிருந்தே வெட்டு தொடங்கும் இந்த வகை, விசை குறைந்த வில்லுக்கு மிக ஏற்றது. அலகில் ஓட்டை உள்ளவை காற்றில் அலைவது குறைவு. ஆனால் சீறல் சத்தம் போடும். மான் அந்தச் சத்தத்துக்குக் குனிந்துவிடும் என்பதால், ஓட்டை உள்ளது, இல்லாதது இரண்டையும் எய்து, யாரையாவது பாதுகாப்பான மறைவில் பக்கத்தில் நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள்.

ஒருபக்கம் மட்டும் சாணை பிடித்த சிங்கிள் பெவல் முனைகளை இப்போது நிறையப் பேர் சிபாரிசு செய்கிறார்கள். வில்வேட்டைக்காரர் எட் ஆஷ்பி 1980-களில் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் தொடங்கிய ஊடுருவல் ஆய்வுகள்தான் இதற்கு வேர். அம்பு உடையாமல், முனை வளையாமல் இருக்கவேண்டும் என்ற அவருடைய முதல் பாடத்தை நான் முழுதாக ஏற்கிறேன். ஆனால் 20 கெஜத்தில் வெண்வால் மானுக்கு அவர் சொல்லும் 650 கிரெய்ன் கனமான அம்பு தேவையில்லை. வாங்குவதென்றால் ஒன்றைக் கவனியுங்கள்: இறகு வலப்பக்கத் திருகல் என்றால் சாணையும் வலப்பக்கமாக இருக்கவேண்டும். மாறிப்போனால் முனை ஒரு பக்கம் திருக, இறகு மறுபக்கம் திருகும்.

அடுத்து மெக்கானிக்கல். அலகுகள் மடங்கியிருந்து, பட்டவுடன் விரியும். பறக்கும்போது ஏறக்குறைய ஃபீல்ட் பாயிண்ட் மாதிரியே இருப்பதால் விலகல் குறைவு. ரேஜ் போன்ற கம்பெனி முனைகள் இரண்டு அங்குலமோ அதற்கு மேலோ வெட்டும். கடைக்காரர் உங்களுக்கு இதைத்தான் நீட்டுவார். வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் விரிவதற்கும் அகலமாக வெட்டுவதற்கும் அம்பின் விசை செலவாகும். கணக்கைப் பாருங்கள்: அம்பின் எடையை கிரெய்னிலும் வேகத்தை நொடிக்கு அடியிலும் எடுத்து, எடையை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி 450240-ஆல் வகுக்க வேண்டும். 410 கிரெய்ன், 270 அடி என்றால் 66 அடி-பவுண்டு ஆற்றல். அதில் மெக்கானிக்கல் தாங்கும். 450 கிரெய்ன் அம்பை 160 அடியில் விடும், கப்பியில்லாத ரீகர்வ் வில்லில் 26-தான் வரும். அதில் மெக்கானிக்கலை மாட்டுவது மானுக்குச் செய்யும் அநியாயம். உங்கள் வில் இரண்டுக்கும் நடுவே, மேல்பக்கமாக இருக்கும். ட்யூன் செய்யாத, அதாவது மேலே சொன்னபடி சரிப்படுத்தாத, வில்லின் கோணலை மூடி மறைக்க மட்டும் மெக்கானிக்கலை வாங்காதீர்கள். மறைந்த கோணல் விலா எலும்பில் படும்போது வெளியே வரும். வாங்கினால், அலகைப் பிடித்திருக்கும் ரப்பர் வளையத்தையும் காலரையும் ஒவ்வொரு சீசனும் மாற்றுங்கள். குளிரில் கெட்டித்து வெடித்த வளையம், அம்பு நாணை விடும்போதே அலகைத் திறந்துவிடும்.

எதை வாங்கினாலும் கூர்மையில் சமரசம் கூடாது. அம்பு துப்பாக்கிக் குண்டுபோல் அதிர்ச்சியால் கொல்வதில்லை. இரத்தம் வடிந்துதான் மான் விழுகிறது. மழுங்கிய அலகு இரத்தக் குழாயை ஒதுக்கித் தள்ளிவிட்டுப் போகும். கூரானது சுத்தமாக அறுக்கும், காயம் எளிதில் உறையாது. ஒரு ரப்பர் பேண்டை விரல்களில் தொய்வாக மாட்டி அலகை அதன்மேல் லேசாக வைத்து இழுங்கள். தொட்டதும் அறுந்தால் சரி. இழுத்துக்கொண்டு போய்ப் பிறகு அறுந்தால் மறுபடி கல்லுக்குப் போகவேண்டும். பாக்கெட்டிலிருந்து எடுத்த புது முனையிலும் இதைச் செய்துபாருங்கள், எல்லாம் கூராக வருவதில்லை. ஃபோம் இலக்கில் ஒருமுறை எய்த முனையை அப்படியே தூணியில் வைக்கவே கூடாது; ஃபோம் கூரைத் தின்றுவிடும். ஒரு முனையைப் பயிற்சிக்கென்றே வையுங்கள், வேட்டைக்குப் போகும் முனைகளை ஒவ்வொன்றாக ஒருமுறை எய்து, விழும் இடம் பார்த்து, தீட்டியோ அலகு மாற்றியோ எடுத்துவையுங்கள். அம்புகளுக்கு எண் போடுங்கள். எத்தனை ட்யூன் செய்தாலும் ஆறில் ஒன்று முரண்டு பிடிக்கும். அது மூன்றாம் எண் என்று தெரிந்தால் போதும்.

இவ்வளவு ஏன் என்றால், என் இரண்டாவது சீசனில் ஒரு பெண்மானை இழக்கப் பார்த்தேன். 25 கெஜம், பக்கவாட்டில் அசையாமல் நின்றது. அம்பு நான் பார்த்த இடத்துக்கு ஒரு கை அகலம் பின்னால் பட்டது. அந்த வாரம் பழைய தண்டில் அவசரமாக ஒரு முனையை மாட்டிக்கொண்டு, எய்து பார்க்காமல் பரணேறியிருந்தேன். ஈரல் பகுதியில் பட்ட மானை உடனே துரத்தக் கூடாது. இருட்டும்வரை உட்கார்ந்திருந்து, டார்ச்சோடு இலைமேல் இருந்த கருஞ்சிவப்புச் சொட்டுகளைப் பின்தொடர்ந்தோம். கண்டெடுத்தபோது நடுநிசி. அது அத்தனை நேரம் பட்ட பாட்டுக்கு நான்தான் காரணம். வெண்வால் மானில் நுரையீரலும் இதயமும் சேர்ந்த இடம் ஏறக்குறைய எட்டு அங்குல வட்டம். உங்கள் ஐந்து அங்குல விலகலோடு எய்தால், நடுவைப் பார்த்தாலும் அம்பு அந்த வட்டத்துக்கு வெளியே போய்விடும். இரண்டு கூட்டமும் ஒன்றாகும்வரை பரணேறாதீர்கள். சீசன் ஜனவரி வரை இருக்கிறது, இரண்டு வாரம் தாமதமானால் ஒன்றும் கெட்டுப்போகாது.

ஊரிலிருந்து இதைப் படிப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: இந்தியாவில் 1972-ஆம் வருட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி வேட்டை தடை. நான் சொல்வதெல்லாம் உரிமமும் சீசனும் உள்ள இந்த மாநிலத்துக்கு.

முனையை விரலால் திருகாதீர்கள். பாக்கெட்டோடு வரும் பிளாஸ்டிக் சாவியைப் பயன்படுத்துங்கள். பரணுக்கு ஏறும்போது வில்லும் தூணியும் கீழேயே இருக்கட்டும், ஏறிப் பாதுகாப்பு வாரைக் கட்டிக்கொண்ட பிறகு கயிற்றில் இழுத்துக்கொள்ளலாம்.

நீங்கள் செய்யவேண்டியதை இந்த வரிசையில் செய்யுங்கள்: சுற்றிப் பார்ப்பது, எடை, ரெஸ்ட், அப்புறம் கடை. ரெஸ்டை நகர்த்தியும் இடப்பக்க விலகல் குறையவில்லை என்றால், அம்பு பூட்டி இலக்கை நோக்கி முழுதாக இழுத்திருக்கும்போது பின்னாலிருந்து ஒருவரைப் படமெடுக்கச் சொல்லி அனுப்புங்கள். மேல் கேம் சாய்ந்திருந்தால் அந்தப் படத்தில் நாணோடு ஒப்பிட்டுப் பார்த்தாலே தெரிந்துவிடும்.